சங்கிலியைக் காணோம் என்று அம்மா சொல்லும்போது

(முதியோர் மனநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



முதுமை மறதி நோய் என்றதும், பேரப்பிள்ளையின் பெயரை மறப்பதும் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பதும்தான் உங்கள் நினைவுக்கு வரும். ஆனால் பல வீடுகளில் அது முதலில் ஒரு சண்டையாகத்தான் தலைகாட்டுகிறது.

“என் சங்கிலியைக் காணோம். மருமகள்தான் எடுத்திருப்பாள்.”

அதன்பின் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. மகன் இருவருக்கும் நடுவில் தவிப்பார். மருமகள் பேச்சைக் குறைத்துக்கொள்வார். உறவினர்களோ, “மாமியார் மருமகள் என்றால் இதெல்லாம் சகஜம்” என்பார்கள். இப்படியே ஓராண்டு, ஈராண்டு ஓடிவிடும். சங்கிலி அரிசி வாளியிலோ தலையணை உறைக்குள்ளோ சாமி படத்துக்குப் பின்னாலோ கிடைக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று அம்மாவே வைத்ததுதான். வைத்த நினைவு அவருக்கு இல்லை.

இந்த நோய் பெரும்பாலும் புதிய நினைவுகளைப் பதிக்கும் மூளைப் பகுதியை முதலில் பாதிக்கிறது. நேற்று சங்கிலியை எங்கே வைத்தோம் என்பது பதிவதில்லை. அது தன்னுடையது, எப்போதும் அலமாரியில் இருக்கும் என்ற பழைய நினைவோ அப்படியே இருக்கிறது. அலமாரியில் இல்லை என்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. பழி யார்மேல் விழும்? அருகிலேயே இருந்து சோறு போட்டுக் குளிப்பாட்டிவிடுபவர்மேல். மருமகளோ மகளோ பணிப்பெண்ணோ, அவர்மேல்தான். மருமகள்களே, உங்கள் மனம் எவ்வளவு புண்பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சொற்களுக்குக் காரணம் நோய்.

“நான் எடுக்கவில்லை” என்று வாதாடிப் பயனில்லை. “கவலையாகத்தானே இருக்கும் அத்தை. வாங்க, சேர்ந்து தேடுவோம்” என்று சொல்லிப் பாருங்கள். கிடைக்கும் இடம் உங்களுக்குத் தெரிந்தாலும் அவர் கையாலேயே எடுக்க விடுங்கள். நீங்கள் எடுத்துக் கொடுத்தால், “பார்த்தாயா, இவள்தான் ஒளித்து வைத்திருக்கிறாள்” என்று ஆகிவிடும். பெரிய நகைகளை, அவர் தெளிவாக முடிவெடுக்கக்கூடிய காலத்திலேயே, அவர் சம்மதத்துடன் வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிடலாம். எல்லாவற்றையும் கழற்றி வாங்கிவிடாதீர்கள். வெறுங்கழுத்தோடு உட்கார்ந்திருப்பது நம் பெண்களுக்கு வேறொரு வேதனை.

அதற்காக, வயதானவர் சொல்லும் எல்லாக் குற்றச்சாட்டையும் நோய் என்று தள்ளிவிடவும் கூடாது. உண்மையிலேயே பணம் திருடுபோவதும் உண்டு. முதலில் விசாரியுங்கள்.

மனநலக் கழகம் 2013ஆம் ஆண்டு நடத்திய ஆய்வில், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 10 பேரில் ஒருவருக்கு முதுமை மறதி நோய் இருந்தது. பத்தாண்டு கழித்து நடந்த ஆய்வில் அந்த விகிதம் சற்றுக் குறைந்திருந்தது. ஆனாலும் நோய் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது கண்டறியப்படவே இல்லை. “வயதானால் அப்படித்தான்” என்று பெற்றோரை விட்டுக்கொடுக்காமல் பேசும் நம் அன்பும் இதற்கு ஒரு காரணம் என்பேன்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மகன் மட்டும் வந்து, “கொஞ்சம் மறதி, டாக்டர்” என்று முடித்துவிடுகிறார். கூடவே இருந்து பார்ப்பவரும் வரட்டும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவையும் மறதியைத் தரும். அவற்றைச் சரிசெய்ய முடியும். சைவ உணவு உண்பவர்கள் பி12 பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

சோதனையைத் தமிழில் செய்யச் சொல்லிக் கேட்கத் தயங்காதீர்கள். பிற்காலத்தில் கற்ற ஆங்கிலமும் மலாயும் முதலில் நழுவி, தாய்மொழி மிஞ்சுவது பலருக்கு நடக்கிறது. எத்தனை ஆண்டு பள்ளிக்குச் சென்றீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பென்சில் பிடித்தே பழகாத ஒருவருக்கு ஐங்கோணம் வரைய வராவிட்டால் அது நோயாகாது. நம் நாட்டு முதியோர் மனநல மருத்துவர் பேராசிரியர் குவா ஈ ஹியோக், அதிகம் படிக்காத முதியவர்களையும் மனத்தில் வைத்து, 10 கேள்விகள் கொண்ட ஒரு சோதனையைச் சக ஆய்வாளருடன் 1992இல் வெளியிட்டார்.

பராமரிப்பைப் பற்றி ஒன்று. ஒருவர் தலையிலேயே எல்லாம் விழும் வீடுகளில், நோயாளிக்கு முன்பே அவர் படுத்துவிடுகிறார். பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கு அம்மாவை அனுப்பினால் “ஊர் என்ன சொல்லும்” என்கிறீர்கள். காலையில் போய் மாலையில் வீடு திரும்புவதை எந்த ஊரும் கைவிடுதல் என்று சொல்லக்கூடாது. சொல்பவர்களை ஒரு வாரம் வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்!

உங்களுக்கே ஐயம் இருந்தால், பிள்ளைகள் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பேசுங்கள். பராமரிப்புச் சேவைகளைப் பற்றி அறிய, ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் அழைக்கலாம்.