முதல் குண்டு எங்கே போகும்?

விம்பிள்டன் என்றதும் லண்டன் தமிழர்களுக்கு நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று டென்னிஸ், மற்றொன்று எஃப்ரா ரோட்டுப் பிள்ளையார் கோயில். இரண்டுக்கும் முன்பே அந்த ஊர் துப்பாக்கிக்குப் பெயர் போனது. 1860 ஜூலை 2ஆம் தேதி, விம்பிள்டன் காமன் திடலில், தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதல் போட்டியை விக்டோரியா மகாராணி தொடங்கி வைத்தார். அவர் துப்பாக்கியைத் தோளில் சாத்தவே இல்லை. ஜோசப் விட்வொர்த் என்ற மான்செஸ்டர் பொறியாளர் தான் வடிவமைத்த ரைஃபிளை ஓர் இரும்புத் தாங்கியில் இறுக்கி, குறியையும் முன்கூட்டியே சரிபார்த்து வைத்திருந்தார். விசையில் கட்டியிருந்த பட்டுக் கயிற்றை இழுத்தது மட்டும்தான் மகாராணியின் வேலை. 400 கஜத்துக்கு அப்பால், இலக்கின் நடுப்புள்ளியிலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் குண்டு போய்ப் பதிந்தது.

கைதட்டல் மகாராணிக்குக் கிடைத்தது. நியாயமாக அது தாங்கிக்குப் போயிருக்க வேண்டும். குழலை எதுவும் உறுத்தாமல், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடித்திருந்தால், நல்ல ரைஃபிள் சொன்ன இடத்தில் சுடும். இன்று நான் பேச வந்திருப்பது, குழலை ஏகப்பட்ட சாமான்கள் உறுத்திக்கொண்டே இருக்கும் ஒரு துப்பாக்கியைப் பற்றி. லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள். லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. அதில் வரும் டெக்ஸ் வில்லர் கையில் இருப்பது அதுதான். விசைக்குக் கீழே இருக்கும் இரும்பு வளையத்தைச் சடக்கென்று இறக்கி ஏற்றினால், பழைய உறை வெளியே தெறிக்கும், புதிய தோட்டா உள்ளே ஏறும்.

துப்பாக்கி என்றாலே நம்மில் பலருக்கு மனம் வேறு எங்கோ போய்விடும். அது எனக்குத் தெரியும். இந்தப் பேச்சு மான் வேட்டைக்கான ரைஃபிளோடு நின்றுகொள்ளும்.

இந்த வகைத் துப்பாக்கிக்கு நம் பக்கத்திலும் ஒரு வரலாறு உண்டு. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன், 1910இல் பிறந்து 1974இல் மறைந்தவர், ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடித் திரிந்தபோது தோளில் சுமந்தது ஒரு வின்செஸ்டர் 1895 மாடல், .405 ரகம். லீவர் ஆக்‌ஷன்தான். அவருடைய முதல் புத்தகம் 1954இல் இதே லண்டனில், ஆலன் அண்ட் அன்வின் பதிப்பாக வந்தது. ஏறக்குறைய 19 கிராம் எடையுள்ள குண்டை உமிழும் அந்த ரைஃபிளை வைத்துக்கொண்டு அவர் தொலைதூரச் சாகசம் எதுவும் செய்யவில்லை. பரண் மேல் உட்கார்ந்து, குழலோடு பொருத்திய டார்ச் வெளிச்சத்தில், சில பத்துக் கஜ தூரத்தில் சுட்டார். அந்தத் தூரத்தில் இரண்டே கேள்விகள்தான். முதல் குண்டு எங்கே போகும்? அது தவறினால் இரண்டாவது எவ்வளவு வேகமாகப் போகும்? இரண்டாவதற்கு லீவர் பதில் சொல்லும். முதலாவதற்குத் துப்பாக்கிக்காரன்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆண்டர்சனின் 1895 மாடலில் தோட்டாக்கள் பெட்டி மேகசினில், விசைக்கு முன்னால் அடுக்கி இருக்கும். பெரும்பாலான லீவர் ரைஃபிள்கள் அப்படியல்ல. ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894, பிறகு வந்த மார்லின் 336 இரண்டிலும் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் ஓடும். தோட்டாக்கள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். அதனால்தான் அவற்றின் குண்டுகளுக்கு மூக்கு தட்டையாக இருக்கும். கூர்மூக்காக இருந்தால், சுடும் உதைப்பில் பின்னால் இருக்கும் குண்டின் நுனி முன்னால் இருக்கும் தோட்டாவின் அடியில் வெடியைத் தூண்டும் பிரைமரைக் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடிக்கும் அபாயம் உண்டு. தட்டைமூக்குக் குண்டு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். இது தூரத்துக்கு விழுந்த முதல் அடி.

குண்டு விழும் இடம் மாறுவதன் மூலகாரணம் வேறு. தோட்டா வெடிக்கும் கணத்தில் குழல் முழுவதும் அதிர்கிறது. தம்பூராவின் ஜீவாளி நூலை ஒரு நூலளவு நகர்த்தினால் நாதம் மாறுவது போல, குழலை எது எங்கே தொடுகிறது என்பதைப் பொறுத்து அந்த அதிர்வு மாறும், அதோடு குண்டு போகும் இடமும் மாறும். லீவர் ரைஃபிளில் குழலைத் தொடுபவை எத்தனை என்று பாருங்கள். கையால் பிடிக்கும் மர முன்கட்டை தொடுகிறது. தோட்டாக் குழாய் தொடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புப் பட்டைகள் இறுக்குகின்றன. பட்டையில் தோல்வார் மாட்டியிருந்தால் அதுவும் இழுக்கிறது. போதாததற்கு, ஆறு தோட்டா நிரம்பிய குழாய்க்கும் காலிக் குழாய்க்கும் எடையில் நூறு கிராமுக்கு மேல் வித்தியாசம் வரும். சுடச்சுட அந்த எடை குறைந்துகொண்டே போகிறது. அதாவது, ஐந்து குண்டு சுட்டால் ஐந்தும் ஐந்து வெவ்வேறு துப்பாக்கியிலிருந்து சுட்ட மாதிரி.

இதில் சூடும் சேர்ந்துகொள்ளும். குழல் சூடேறி நீளும், பக்கத்துக் குழாய் அந்த அளவுக்கு நீளாது. இரண்டையும் பட்டை கட்டிப்போட்டிருப்பதால் குழல் வளைந்து கொடுக்கும். சர்ரேயில் இருக்கும் பிஸ்லி துப்பாக்கி மைதானத்தில் காகித இலக்கைத் திரும்ப வாங்கிப் பார்த்தால் முதல் இரண்டு ஓட்டைகள் ஒட்டி இருக்கும், மூன்றாவது ஓர் அங்குலம் மேலே, நான்காவது அதற்கும் மேலே, ஏணிப்படி வைத்த மாதிரி. பார்த்தவர் உடனே பின்குறியைத் திருகத் தொடங்குவார். தொடவே கூடாது. குறியில் கோளாறே இல்லை, குழல் சூடாகிவிட்டது, அவ்வளவுதான். ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து சுட்டால் குண்டு பழைய இடத்துக்கே போகும்.

எனக்குத் தெரிந்து இந்தத் துப்பாக்கியில் பாதிப் பேர் தோற்பது இங்கேதான். மேசையில் உட்கார்ந்து, மூன்று குண்டு எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்று பார்த்துப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள். மானுக்கு மூன்று குண்டுக் கணக்கு கிடையாது. குளிர்ந்த குழலிலிருந்து வரும் முதல் குண்டு ஒன்றுதான் அதற்கு முக்கியம். கொல்லிமலை வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தான் என்று புறநானூறு பாடும். அவனுடைய இரண்டாவது அம்பு எங்கே விழுந்தது என்று எந்தப் புலவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வேட்டைக்காரன் கணக்கும் அதுதான்.

ஆகவே பழைய ஆட்கள் கடைப்பிடிக்கும் ஒரு முறையை மெச்சத் தோன்றுகிறது. மைதானத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும், வேறெதுவும் செய்யும் முன், குளிர்ந்த குழலில், குழாயில் எப்போதும் வேட்டைக்கு நிரப்பும் அதே எண்ணிக்கைத் தோட்டாவோடு, ஒரே காகிதத்தில் ஒரு குண்டு. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள். அடுத்த வாரம் அதே காகிதத்தில் இன்னொன்று. மழையிலும் குளிரிலும் வெயிலிலும் விழுந்த ஓட்டைகள் சேரச் சேர, அந்தக் காகிதம் துப்பாக்கியின் ஜாதகமாகிவிடும். அந்த ஓட்டைகள் எல்லாம் எத்தனை அங்குல வட்டத்துக்குள் அடங்குகின்றனவோ, அதுதான் உங்கள் உண்மையான துல்லியம். தோட்டா டப்பாவில் அச்சிட்டிருப்பதும் நண்பரிடம் பீற்றிக்கொள்வதும் அதில் சேராது.

பிடிக்கும் விதத்திலும் அதே ஒழுங்கு வேண்டும். குழலை மரக்கிளையிலோ கம்பியிலோ நேரே சாத்தினால் குண்டு அந்தத் தாங்கலை விட்டு விலகி மேலே ஏறும். முன்கட்டைக்கு அடியில், பின்பக்கமாக, உள்ளங்கையை வைத்து, அந்தக் கையைத் தாங்கலில் வைக்க வேண்டும். எப்போதும் அதே இடத்தில். முன்கட்டை துப்பாக்கியின் உடம்போடு முட்டும் இடத்தில் ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு மரத்தைச் சீவிக் கொடுக்கும் துப்பாக்கி மிஸ்திரிகள் இருக்கிறார்கள். பட்டைத் திருகுகளை வெறிகொண்டு இறுக்குவதை விட அது பயன் தரும். பின்குறியில் இருக்கும் கொம்பு வைத்த பள்ளத்தைக் கழற்றிவிட்டு, துளைக்குறி பொருத்திக்கொள்வது வயதான கண்களுக்குப் பெரிய உதவி. துளையின் நடுவைக் கண் தானாகவே தேடிக்கொள்ளும்.

துடைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. தாழ்ப்பாள் போல இழுத்து மூடும் போல்ட் ரைஃபிளைப் பின்பக்கமிருந்து துடைக்கலாம். 1894 மாடலைப் பிரிக்காமல் அப்படிச் செய்ய வழியில்லை, குழல் வாயிலிருந்துதான் கம்பியை நுழைக்க வேண்டும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போவது அந்த வாயின் விளிம்பைத்தான். பல ஆண்டுகள் இரும்புக் கம்பி உரசி ஒரு பக்கம் தேய்ந்துபோன விளிம்பு, எத்தனை நல்ல துப்பாக்கியையும் கெடுத்துவிடும். பழைய வின்செஸ்டர் வாங்கப் போகிறவர் மரத்தின் பளபளப்பைப் பார்க்காமல், பூதக்கண்ணாடியோடு அந்த விளிம்பைப் பார்க்கட்டும்.

பிரிட்டனில் லீவர் ரைஃபிளுக்கு இத்தனை மவுசு ஏன்? 1987இல் ஹங்கர்ஃபோர்ட் படுகொலை, அதற்கு அடுத்த ஆண்டுச் சட்டம் பெரிய ரக அரைத் தானியங்கி ரைஃபிள்களைத் தடை செய்தது. 1996இல் டன்பிளேனில் இன்னொரு படுகொலை, அடுத்த ஆண்டு கைத்துப்பாக்கியும் போனது. விரைவாகச் சுடும் விளையாட்டுக்கு மிஞ்சியதில் முக்கியமானது லீவர். 1890இல் விம்பிள்டனிலிருந்து சர்ரேயின் பிஸ்லிக்குக் குடிபெயர்ந்த அதே மைதானத்தில் .357 ரக லீவர் ரைஃபிள்கள் இன்று படபடக்கின்றன. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு ரோ மானுக்கோ ஃபாலோ மானுக்கோ போக முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மான் சட்டம் அவற்றுக்குக் குறைந்தது .240 குழல்விட்டமும் 1,700 அடி-பவுண்டு ஆற்றலும் கேட்கிறது. .357க்கு விட்டம் போதும், ஆற்றல் எட்டாது. மான் வேட்டை லீவர்களில் வழக்கமான .30-30 ரகம் எட்டும், ஆனால் மயிரிழையில். தோட்டாப் பட்டியலில் 1,900 என்று போட்டிருப்பது 24 அங்குலக் குழலில் அளந்தது. உங்கள் குழல் 20 அங்குலமாக இருந்தால் வேகத்தை அளந்து பார்த்துக்கொள்வது நல்லது.

மான் வேட்டைச் சான்றிதழின் சுடும் தேர்வு கேட்பது 100 மீட்டரில் நான்கு அங்குல வட்டம். நன்றாகப் பராமரித்த லீவர் ரைஃபிள் மூன்று அங்குலத்துக்குள் நிற்கும். கென்ட், சசெக்ஸ் மரக்காடுகளில் மான் தென்படும் தூரத்துக்கு அது தாராளம். ஸ்காட்லாந்து மலைச்சரிவில் 250 கஜத்துக்குச் சுட வேண்டுமென்றால், தயவுசெய்து போல்ட் ரைஃபிள் வாங்குங்கள். லீவரை அந்த வேலைக்கு வளைக்கப் பார்த்துப் பணத்தைக் கரைப்பவர்களிடம் எனக்கு இரக்கமே கிடையாது.

இனி ஒரு புதிய தலைவலியும் வருகிறது. 2025 ஜூலையில் அரசு அறிவித்தபடி, மான் வேட்டைக்கான ஈயக் குண்டுகள் சில ஆண்டு அவகாசத்துக்குப் பின் விடைபெறப் போகின்றன. செம்புக் குண்டு அதே எடைக்கு நீளம் அதிகம். .30-30 குழல்களின் முறுக்கு பெரும்பாலும் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, நீளமான குண்டை அது எல்லாக் குழலிலும் ஒரே மாதிரி நிலைப்படுத்தாது. ஒரு துப்பாக்கிக்கு ஒத்துப்போகும் குண்டு, அதே மாடலின் இன்னொரு துப்பாக்கியில் சிதறும். குறியையும் புதிதாகத்தான் அமைக்க வேண்டும். ஃபாலோ பெண்மான் பருவம் நவம்பர் 1இல் தொடங்குகிறது. லீவர் வைத்திருப்பவர்கள் கோடையிலேயே இரண்டு மூன்று வகைச் செம்புத் தோட்டாக்களை ஒவ்வொரு டப்பா வாங்கி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காகிதம் வைத்து, குளிர்ந்த குழல் கணக்கைத் தொடங்கிவிடலாம்.