பேராசிரியரும் பசளை மூடையும்



கலாநிதி மன்மோகன் சிங் 2024ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் தமது 92ஆவது வயதிற் காலமானார். பிரதம மந்திரியாக அவர் இருந்த பத்தாண்டுகளைப் பலரும் பேசிவிட்டனர். நாம் 1991ஆம் ஆண்டின் சில வாரங்களைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

1962இல் ஒக்ஸ்போர்ட்டிற் கலாநிதிப் பட்டம் பெற்ற அவரது ஆராய்ச்சி, 1964இல் நூலாயிற்று. ஏற்றுமதியைப் பெருக்க இந்தியாவால் இயலும் என்பதே அதன் சாரம். அக்காலத்து டெல்லிக் கொள்கைக்கு அது மாறானது. ஆயினும் டெல்லியிற் பேராசிரியராயிருந்தவர், 1972இல் அரசாங்கத்தின் தலைமைப் பொருளாதார ஆலோசகரும், 1982இல் றிசேவ் வங்கி ஆளுநருமாகி, அக்கொள்கைக்கே நெடுங்காலம் பணிபுரிந்தார். இதனைப் பொறுமை என்பார் சிலர். உத்தியோகத்தரின் மௌனம் என்பார் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டென்பதே எமது எண்ணம்.

1991 ஜூனில் பிரதமர் நரசிம்மராவ் அவரை நிதி மந்திரியாக்கியபோது, கையிருந்த அந்நியச் செலாவணி ஏறத்தாழ இரண்டு வார இறக்குமதிக்கே போதுமாயிருந்தது. ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது. அம்மாதமே ஏறத்தாழ 47 தொன் பொன் இலண்டனுக்கு ஈடாகச் சென்றது. ஜூலை 24ஆம் நாள், பெரும்பாலான கைத்தொழில்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுவதில்லை என அறிவிக்கப்பட்டது; வரவு செலவுத் திட்டமும் வந்தது. வணிகர் மகிழ்ந்தனர். ஆனால் அத்திட்டம் பசளை விலையைச் சராசரியாக நூற்றுக்கு 40 வீதம் உயர்த்தியதே!

கணக்கிற் பிழையில்லை. கடன்பட்டு மானியம் வழங்கும் அரசு நெடுநாள் நிலைக்க மாட்டாது. ஆனால் அது விதைப்புக் காலம். பசளை மூடை வாங்கக் கடைவாசலில் நிற்பவனுக்கு அந்நியச் செலாவணிக் கணக்கைச் சொல்லி என்ன பயன்? சொந்தக் கட்சி அங்கத்தவர்களே எதிர்த்தனர். ஆகஸ்டில் உயர்வு 30 வீதமாகக் குறைந்தது. சிறு கமக்காரருக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

அவ்வேளை கலாநிதி சிங் பாராளுமன்ற அங்கத்தவரே அல்லர். பின்னரே அசாம் மாநிலத்தின் சார்பில் மேற்சபைக்குச் சென்றார். 1999இல் தெற்கு டெல்லியில் மக்களிடம் வாக்குக் கேட்டபோது தோற்றார். வாக்குக்கு அஞ்சாதவராயிருந்தமையாலேதான் துணிந்து எழுத முடிந்தது. வாக்குக்கு அஞ்சியவர்கள் அருகிருந்தமையாலேதான் ஏழைக் கமக்காரன் தப்பினான். இவ்விரு திறத்தாரில் ஒருவரை மட்டும் புகழ நாம் ஆயத்தமில்லை.

அவர் பிரதமராயிருந்த 2008இல் கமக்காரரின் கடன்கள் பெருந்தொகையாக நீக்கப்பட்டன. நீங்கியவை வங்கிகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் பட்ட கடன்களே. வட்டிக்காரனிடம் நகையை ஈடு வைத்தவனுக்கு அச்சலுகை எட்டவில்லை.