ஆத்தா கேட்டது பொங்கல். கார் கேட்பது அரை ஊர்!

(ஆடி மாதத்துப் பெரியபாளையத்தைத் திணற வைப்பது மனிதக் கூட்டமா? வாகனக் கூட்டமா? என்ற தலைப்பில், ‘வாகனக் கூட்டமே’ என்ற அணியில் இரண்டாவதாக ஆற்றப்பட்ட உரை)



நடுவர் ஐயா, இன்னைக்கு நீங்க அரங்கத்துக்கு இருபது நிமிஷம் தாமதமா வந்தீங்க. காரணம் கேட்டோம். “வண்டியை நிறுத்த இடம் கிடைக்கலேம்மா”ன்னு சொன்னீங்க. ஐயா, நீங்க உட்கார நாற்காலி தயாரா இருந்தது. குடிக்கத் தண்ணீர் இருந்தது. போட மாலை இருந்தது. மனுஷனுக்கு எல்லா இடமும் இருந்தது, வண்டிக்குத்தான் இல்லே. தீர்ப்பை வாசல்லேயே சொல்லிட்டுத்தானே ஐயா உள்ளே வந்தீங்க? (கைதட்டல்)

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். “வண்டி தானாகவா வருது? மனுஷன் ஏறி ஓட்டினாத்தானே வருது? அப்போ காரணம் மனுஷன்தானே?” அப்படின்னு. நல்ல கேள்வி. நான் கணக்கு வாத்தியார் மகள். அதனால கணக்காவே பதில் சொல்லிடறேன்.

ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும். நம்ம கணக்குல ஏறக்குறைய 135 சதுர அடி. அதே இடத்துல ஆறடிக்கு மூணடிப் பாய் விரிச்சா ஏழு பாய் விரிக்கலாம். ஏழு பேர் கால் நீட்டித் தூங்கலாம். பதினெட்டு கார் நின்னா ஒரு கிரவுண்டு போச்சு! சென்னைக்குப் பக்கத்துல ஒரு கிரவுண்டு என்ன விலைன்னு இங்கே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். நமக்கு வாங்க வக்கில்லாத கிரவுண்டுல, கார் ஓசியிலே நாள் பூரா படுத்துத் தூங்குது! (சிரிப்பு)

இன்னும் கேளுங்க. ஐம்பது பேர் அம்மனைப் பார்க்க வர்றாங்க. ஒரே பஸ்ஸில் வந்தா நானூறு சதுர அடிக்குள்ளே வேலை முடிஞ்சுது. அதே ஐம்பது பேர் காருக்கு நாலு பேரா வந்தா பதிமூணு கார். 1,755 சதுர அடி. அதாவது முக்கால் கிரவுண்டு. ஆள் அதே ஐம்பதுதான். அம்மன் அதே அம்மன்தான். இடம் மட்டும் எப்படி ஐயா நாலு மடங்குக்கு மேலே ஆச்சு? இப்போ சொல்லுங்க, திணற வைப்பது மனிதனா? வண்டியா?

இந்த ஊருக்குக் கூட்டம் என்ன நேத்தா வந்தது? தலபுராணத்தில் ஒரு கதை சொல்வாங்க. ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வளையல் வியாபாரி, ஆரணி ஆற்றங்கரையில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணயர்ந்தார். விழித்துப் பார்த்தால் வளையல் மூட்டையைக் காணோம். பக்கத்துப் புற்றுக்குள்ளே போய்விட்டது. ‘இங்கே நான் இருக்கிறேன்’ என்று அம்மன் அடையாளம் காட்டிய இடம் அதுதான். பெரியபாளையத்தில் இறக்கி வைத்த சாமான் காணாமல் போனது அன்னைக்கே தொடங்கியாச்சு ஐயா! ஆனா அன்னைக்கு எடுத்தவள் ஆத்தா. எடுத்ததைப் போல ஆயிரம் மடங்கு அருள் கொடுத்தாள். (கைதட்டல்)

அதற்குப் பிறகு வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை என்று வட சென்னை மக்கள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வண்டியைத் தோப்பில் அவிழ்த்துவிட்டு, ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு, ராத்தங்கி, பொங்கல் வைத்து, மொட்டை போட்டு, வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலை வலம் வந்தார்கள். அந்த மாட்டுக்கு வைக்கோல் இந்த ஊரில் வாங்கினார்கள். பானை, விறகு, வேப்பிலை, மஞ்சள் எல்லாம் இந்த ஊரில் வாங்கினார்கள். போகும்போது மாடு சும்மா போகலை. சாணி போட்டுட்டுப் போச்சு. வயலுக்கு உரமாச்சு. இன்னைக்குக் காருக்குப் பெட்ரோல் செங்குன்றத்திலேயே போட்டாச்சு. அது நமக்குப் போட்டுட்டுப் போறது புகை மட்டும்தான்! (சிரிப்பு)

எதிரணியில் பேசிய சகோதரி, “வாகனம் வந்தால்தான் ஊருக்கு வருமானம்” என்றார். அம்மா, வருமானம் கொடுப்பது காரா? காலா? நடந்து போகிறவர்தான் நாலு கடை பார்ப்பார். கையில் குழந்தையோடு நடக்கிற அம்மா, “அந்த வளையல் என்ன விலை?”ன்னு கேட்பாங்க. குழந்தை பலூனுக்கு அழும். பாட்டிக்கு மோர் வேணும். தாத்தாவுக்குப் பொரி வேணும். கோயில் வாசலிலேயே வந்து இறங்குகிற காரின் டிக்கியைத் திறந்து பாருங்கள். குக்கர், கேஸ் அடுப்பு, தண்ணீர் கேன், முறுக்கு டப்பா! ஒரு தெருவே டிக்கிக்குள்ளே இருக்கிறது. அவங்க இந்த ஊரில் வாங்குவது எலுமிச்சம்பழம் ஒண்ணு. அதுவும் எதுக்கு? டயருக்கடியில் வைக்க! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரிச்சது போதும் ஐயா. கொஞ்சம் வலியையும் பேசணும்.

ஆடித் திருவிழா ஒருநாள் கூத்து இல்லை. பதினான்கு வாரம் நடக்கிறது. பதினான்கு ஞாயிற்றுக்கிழமை. வெளியூர்க்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கோயில். உள்ளூர்க்காரருக்கு? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிற பையனுக்கு ஞாயிறு ஷிப்டு இருக்கும். கம்பெனி வேன் நகராது. அரை நாள் சம்பளம் போகும். அவன் வீட்டு அடுப்பும் அம்மன் கொடுத்த அடுப்புதானே ஐயா?

2022-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். ஆடி இரண்டாம் ஞாயிறு. அன்றைக்குத்தான் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு. 7,301 இடம், விண்ணப்பம் போட்டவர்கள் ஏறக்குறைய 22 லட்சம் பேர். காலை ஒன்பது மணிக்குள் தேர்வுக்கூடத்தில் இருக்க வேண்டும். ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரியபாளையம் வழியாக ஒரு பெண் அந்தத் தேர்வுக்குப் புறப்பட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷமாப் படிச்ச படிப்பு. அப்பா வயக்காட்டிலே வேலை. பஸ் கடைத்தெருவில் நிற்கிறது. முன்னாலே நிற்பது பக்தர்கள் கூட்டமா? இல்லை ஐயா. பக்தர்கள் “வழி விடுங்கம்மா”ன்னு சொன்னா ஒதுங்குவாங்க. மனுஷனுக்குக் காது இருக்கு. சாவியை எடுத்துக்கிட்டு உரிமையாளர் மொட்டை போடப் போயிட்டா, அந்தக் காருக்குக் காது இருக்கா? அது ஒதுங்குமா? ஒன்பது அடிச்சு ஒரு நிமிஷம் ஆனா, அந்தப் பெண்ணுக்கு ரெண்டு வருஷம் போச்சு! நூத்தியெட்டு ஆம்புலன்ஸ் அதே தெருவில் நின்றால் ஒரு உயிரே போச்சு! (அரங்கில் அமைதி)

“அப்போ, வர்றவங்களை வராதேன்னு சொல்றீங்களா?” என்று எதிரணி கேட்கும். நான் சொல்லவே மாட்டேன். ஆத்தா வீட்டுக்கு வராதேன்னு சொல்ல நான் யார்? ஆனா ஒரு சாட்சி சொல்றேன். ஊட்டி, கொடைக்கானல் மலைகள் தாங்கவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே மாதம் இ-பாஸ் கொண்டு வரச் செய்தது. 2025 கோடைக்கு நீலகிரியில் வார நாளில் ஆறாயிரம், வார இறுதியில் எட்டாயிரம் என்று வரம்பு கட்டியது. எட்டாயிரம் எது ஐயா? எட்டாயிரம் தலையா? இல்லை, எட்டாயிரம் வண்டி! அரசுப் பஸ்ஸில் வருகிறவருக்குத் தடை கிடையாது. நீதிமன்றமே தலையை எண்ணவில்லை, சக்கரத்தைத்தான் எண்ணியது. எங்கள் அணிக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? (கைதட்டல்)

மாமல்லபுரத்துக்குப் போங்க. பல்லவன் ஐந்து ரதம் நிறுத்தி வச்சிருக்கான். ஆயிரத்து முந்நூறு வருஷமா அதே இடத்துல நிக்குது. ஒருத்தர் வழியையும் மறிக்கலே. நாம அரை மணி நேரம் நிறுத்தினா நாலு தெரு அடைபடுது!

சபரிமலையைப் பாருங்கள். 2018 வெள்ளத்தில் பம்பை சிதைந்து போனது. அந்தப் பருவத்தில் வண்டிகளை நிலக்கல்லில் நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் கேரள அரசுப் பேருந்தில் கொண்டுபோனார்கள். நம்ம ஊர் சாமிகள் யாராவது “என் கார் பம்பை வரைக்கும் வரலேன்னா எனக்கு ஐயப்பனே வேண்டாம்”னு திரும்பி வந்தாங்களா? திருவண்ணாமலை தீபத்துக்கு ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையம் போடுகிறார்கள். இறங்கி நடக்கிறோமா இல்லையா? மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர் நடக்கிற அதே கால்தானே பெரியபாளையத்தில் மட்டும் கோயில் படி வரைக்கும் கார் கேட்கிறது?

ஆகவே நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். ஆடி ஞாயிறுகளில் சென்னையிலிருந்து வரும் வண்டிகள் கன்னிகைப்பேர்ப் பக்கமே நிற்கட்டும். தாமரைப்பாக்கம் வழியாக வருவதும், ஊத்துக்கோட்டை வழியாக வருவதும், ஆரணி வழியாக வருவதும் அப்படியே ஊருக்கு வெளியே நிற்கட்டும். வயலைச் சும்மா போட்டிருக்கிற விவசாயி அந்த வாடகையை வாங்கட்டும். அங்கிருந்து மினி பஸ் விடட்டும். நடக்க முடியாத பாட்டியையும் கைக்குழந்தைக்காரியையும் உள்ளூர் ஆட்டோத் தம்பி வாசலில் இறக்கட்டும். அவனுக்கும் நாலு காசு கிடைக்கட்டும். கோயில், ஊராட்சி, காவல்துறை மூன்றும் திருவிழாவுக்கு முன்னாலேயே உட்கார்ந்து பேசினால் நடக்காத காரியமா இது?

நாமும் கொஞ்சம் மாறணும் தாய்மார்களே. நேர்த்திக்கடன் என்பது உடம்பை வருத்திக் கொடுப்பது. வேப்பிலையை உடுத்துகிறோம், மண்ணில் உருளுகிறோம். அப்படி உருண்டு வருகிற ஒரு தாயின் தலைமாட்டில் நம்ம கார் சக்கரம் நிற்கலாமா? ஒரு கிலோமீட்டர் நடப்பதும் நேர்த்திக்கடன்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆத்தா கணக்கில் அதுவும் சேரும்.

நடுவர் அவர்களே, நிறைவாகச் சொல்கிறேன். மனிதக் கூட்டம் என்பது ஆறு மாதிரி. வரும், வளையும், போய்க்கொண்டே இருக்கும். வாகனக் கூட்டம் என்பது அணை மாதிரி. வந்தால் நிற்கும், மற்றவரையும் நிறுத்தும். ஆரணி ஆற்றங்கரையில் அந்த அம்மன் உட்கார்ந்தது ஆறு ஓடுவதைப் பார்க்கத்தான். அணை கட்டுவதைப் பார்க்க அல்ல. எனவே பெரியபாளையத்தைத் திணற வைப்பது வாகனக் கூட்டமே, வாகனக் கூட்டமே என்று நல்ல தீர்ப்பை வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)