பொம்பெய் நகரில் ஒரு பகல்

நேப்பிள்ஸ் நகரத்தின் புகையிரத நிலையத்திலே காலை எட்டு மணிக்குக் கூடும் மக்களைப் பார்ப்பவர்கள், ஏதோ பெருந் திருவிழாவுக்குப் புறப்படுங் கூட்டம் என்றே எண்ணுவர். கையிலே தண்ணீர்ப் போத்தல், தலையிலே வெயிற்றொப்பி, தோளிலே தொங்கும் பை. விசூவியஸ் மலையின் அடிவாரத்தைச் சுற்றியோடும் சிறிய புகையிரதத்தில் இவர்கள் ஏறுகின்றனர். ஒரு மணித்தியாலம் ஆகுமுன்னரே, கி. பி. 79 ஆம் ஆண்டில் அம் மலை கக்கிய சாம்பலுக்கும் நுரைக்கல்லுக்கும் அடியில் மறைந்துபோன பொம்பெய் நகரத்தின் வாயிலருகே இறங்கிவிடுகின்றனர்.

காலையில் உரோமரது பாழ்நகரம். நண்பகலின் பின் எரிமலைச் சாரலில் ஒரு முந்திரிகைத் தோட்டம். அத் தோட்டத்து மதுவைச் சுவை பார்த்தல். மாலையில் மீண்டும் நேப்பிள்ஸ். ஒரு பகலுக்கான இந்தப் பயண ஒழுங்கை அங்குள்ள முகவர்கள் பலர் நடத்தி வருகின்றனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்ட இடத்தைப் பார்த்த கண்களோடு சென்று மதுக் கிண்ணத்தைக் கையிலெடுப்பது தகுமா என்று நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். ஒக்டோபர் மாதத்தில் ஒரு நாள் இப் பயணத்திற் சேர்ந்திருந்த பன்னிருவருள் ஒரு மூதாட்டியும் அதனையே கேட்டார். ஆனால் அவர் அதனைக் கேட்டது பிற்பகலில், கிண்ணம் கையிலிருந்தபோது.

குழுவுக்கு வழிகாட்டியாய் வந்தவர் மலையடிவாரத்து ஊரொன்றைச் சேர்ந்த ஒரு பெண்மணி. வழிகாட்டிகளிற் பலர் செல்வரது மாளிகைகளிலும் அவற்றின் சுவரோவியங்களிலுமே நேரம் முழுவதையும் கழித்துவிடுவர். இவர் பயணிகளை முதலில் தெருவிலே நிறுத்தினார். பெரிய கற்கள் பாவிய அத் தெருக்களில் வண்டிச் சில்லுகள் ஓடித் தேய்ந்த தடங்கள் இன்றும் ஆழமாய்க் கிடக்கின்றன. மழைநீரிலும் அழுக்கிலும் கால்படாமல் மறுபுறஞ் செல்வதற்கு உயர்ந்த கற்கள் வரிசையாய் இடப்பட்டுள்ளன. வண்டிச் சில்லுகள் அவற்றின் இடைவெளியால் ஓடும். நகரத்தின் பரப்பு 66 ஹெக்டேயர். 1748 ஆம் ஆண்டு தொடங்கிய அகழ்வு இன்னும் முடிந்தபாடில்லை. மூன்றிலொரு பங்கு இன்றும் மண்ணுக்கடியிலேயே இருக்கிறது.

தெருவோரங்களில் அடிக்கடி காணப்படுவன சிற்றுண்டிக் கடைகள். தெருவை நோக்கியபடி ஒரு கல்மேடை. மேடைக்குள்ளே வாயளவும் பதிக்கப்பட்ட தாழிகள். வீட்டிலே அடுப்பில்லாத எளியவர்கள் இங்கு வந்து உண்டு, நீர் கலந்த மதுவையும் அருந்திச் சென்றனர். ஒரு காசுக்குச் சாதாரண மது, இரண்டு காசுக்கு அதனினும் நல்லது, நான்கு காசு கொடுத்தால் புகழ்பெற்ற பலேர்ணிய மது என்று விலை கூறும் எழுத்து ஒரு சுவரிலே கிடைத்துள்ளது. உள்ளூர் மதுவைப் பற்றி மூத்த பிளினி என்னும் உரோம அறிஞர் அத்துணை உயர்வாய் எழுதவில்லை. பொம்பெய் மதுவை அருந்தியவனுக்கு மறுநாள் நண்பகல் வரையும் தலைவலி நீங்காது என்பது அவர் கூற்று. வழிகாட்டி இதைச் சொன்னதும் குழுவினர் நகைத்தனர். மாலையிற் சுவைக்கப்போகும் மதுவும் அத்தகையதோ என்று ஒருவர் ஐயுற்றார்.

இந்தப் பிளினியை நம் நாட்டினர் நன்றியோடு நினைவுகூர வேண்டும். உரோம அரசின் செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோக்கமஸ் என்பவரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவன், காற்றால் அலைப்புண்டு தப்ரபேன் எனப்பட்ட இலங்கையை அடைந்தமையும், வெவ்வேறு பேரரசர்களின் தலை பொறித்த உரோம நாணயங்கள் யாவும் ஒரே நிறையாயிருந்தமை கண்டு இந் நாட்டு மன்னன் வியந்தமையும், பின்னர் கிளோடியஸ் பேரரசனிடம் தூதர் நால்வரை அனுப்பியமையும் பிளினியின் நூலில் இடம்பெற்றுள்ளன. அன்னியஸ் குடும்பத்தினர் வாழ்ந்த பூத்தியோலித் துறைமுகம் இதே நேப்பிள்ஸ் குடாவின் கரையிலேதான் இருந்தது. குடாவின் கடற்படைக்குத் தலைவராயிருந்த பிளினி, மலை வெடித்தபோது கப்பல்களுடன் மக்களைக் காக்கச் சென்று, கரையிலேயே உயிர்நீத்தார்.

பொம்பெய் நகரத்து வீடொன்றில் 1938 ஆம் ஆண்டில் ஒரு யானைத் தந்தப் பாவை எடுக்கப்பட்டது. ஒரு சாணளவே உயரமுள்ள அப் பாவை, அணிகலன்கள் பூண்ட இந்தியப் பெண்ணுருவம். அது இப்பொழுது நேப்பிள்ஸ் அரும்பொருட்சாலையில் உள்ளது. மறுபுறத்தில், புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலே உரோமரின் மதுச்சாடிகளின் உடைவுகள் கிடைத்துள்ளன. அவற்றுட் சில இந் நேப்பிள்ஸ் வட்டாரமாகிய கம்பானிய நாட்டிலே வனையப்பட்டவை. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதாக நக்கீரர் பாடிய புறநானூற்றுப் பாட்டை அறிந்தவர்களுக்கு அச் சாடிகள் எதன் பொருட்டுக் கடல் கடந்தன என்று சொல்ல வேண்டுவதில்லை.

நண்பகலுக்குச் சற்று முன்னர் குழுவினர் நகரத்தின் கிழக்கெல்லைக்கு வந்தனர். இருபதினாயிரம் பேர் இருக்கக்கூடிய வட்டரங்கம் அங்கே நிற்கிறது. அதற்கு எதிரேயுள்ள வெளியை, மாட்டுச் சந்தை நடந்த இடமென்றே அறிஞர்கள் நெடுங்காலம் கருதி வந்தனர். 1966 இல் வில்ஹெல்மினா ஜஷெம்ஸ்கி என்னும் அமெரிக்க அறிஞர் அங்கே அகழ்வைத் தொடங்கினார். அவர் தேடியவை வெற்றிடங்கள். மண்ணில் மூடுண்ட வேர் உக்கிப்போனபின் அவ் வேரின் வடிவிலே ஒரு துவாரம் எஞ்சும். அதற்குள் விழுந்த சிறு கற்களை அகற்றிச் சாந்தை ஊற்றி, இறுகியபின் சூழ்ந்த மண்ணை நீக்கினால், வேரின் உருவம் அப்படியே வெளிப்படும். இவ்வாறு அங்கே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட முந்திரிகைக் கொடிகளின் இடங்கள் அறியப்பட்டன. நான்கு உரோம அடிக்கு ஒரு கொடி. ஒவ்வொரு கொடிக்கும் அருகே ஒரு கொழுகொம்பு. பழம் பிழியும் இடமும், மது நொதிப்பதற்கு நிலத்திற் புதைத்த பெருந் தாழிகளும் அங்கேயே இருந்தன. 1990களில் அதே நிலத்தில், அதே இடைவெளியில் மீண்டும் கொடிகள் நடப்பட்டன. அவற்றின் பழத்திலிருந்து 2001 முதல் மது வடிக்கப்பட்டது.

வேரின் உருவை எடுத்த அம் முறை, மனிதரின் உருவை எடுத்த முறையேயாகும். சாம்பலில் மூடுண்ட உடல்கள் அழிந்தபின் எஞ்சிய வெற்றிடங்களிற் சாந்தை ஊற்றி உருவம் பெறும் உத்தியை 1863 இல் கையாண்டவர் ஜுசேப்பே பியொரெல்லி என்னும் இத்தாலியர். அத்தகைய உருவங்கள் பதின்மூன்று ஒருங்கே கிடக்கும் இடத்துக்குப் பயணிகள் அடுத்ததாகச் சென்றனர். தப்பியோடியோரின் தோட்டம் என்பது அவ்விடத்தின் பெயர். அழிவு நேர்ந்த காலத்தில் அதுவும் ஒரு முந்திரிகைத் தோட்டமே. பெரியோரும் சிறுவருமாக வந்த அப் பதின்மூவரும் தெற்கு வாயிலை அடைவதற்குள், இரண்டாம் நாட் காலையில் மலையிலிருந்து பாய்ந்துவந்த கொதிக்கும் சாம்பற்புயல் அவர்களைக் கொடிகளுக்கிடையே வீழ்த்தியது. முதல் நாள் முழுவதும் பெய்த நுரைக்கல் மழைக்கு வீட்டுக்குள் அஞ்சியிருந்துவிட்டு, அது சற்று ஓய்ந்ததென்று நம்பிப் புறப்பட்டவர்கள் போலும். ஒருவர் மட்டும் முழங்கையை நிலத்திலூன்றி எழ முயல்பவர்போலக் காணப்படுகிறார். பயணிகளிற் பலர் படமெடுத்தனர். மூதாட்டி படமெடுக்கவில்லை, கண்ணாடித் தடுப்பின் முன் சிறிது நேரம் நின்றுவிட்டு வெளியே போய்விட்டார்.

அழிவு நேர்ந்த நாள் எது என்பதிலும் முந்திரிகைக்குச் சாட்சியுண்டு. இளைய பிளினியின் கடிதப் பிரதிகளைக் கொண்டு அது ஓகஸ்டு 24 என்று நெடுங்காலம் கொள்ளப்பட்டது. ஆனால் பொம்பெய்க்கு அண்மையிலுள்ள பொஸ்கோரெயாலே என்னும் ஊரில் அகழப்பட்ட ஒரு பண்ணையிலே, நிலத்திற் புதைந்த பதினெட்டுத் தாழிகளும் மூடி முத்திரையிட்ட நிலையிற் காணப்பட்டன. பழம் பறித்துப் பிழிந்து முடியுமுன் தாழியை மூடுவாருண்டோ? 2018 இல் ஒரு வீட்டுச் சுவரிலே கரியால் எழுதப்பட்ட திகதியொன்று வெளிப்பட்டது. அது ஒக்டோபர் மாதத்தின் நடுப்பகுதியைக் குறிப்பது. அறிஞரது வாதம் ஓயவில்லையெனினும், இலையுதிர் காலமே என்போர் கையில் இவை இரண்டும் வலிய சான்றுகள்.

அப் பழங்களைப் பறித்தவர் யாவர்? இக் கேள்விக்கு விடையாக வழிகாட்டி ஒரு படத்தைக் காட்டினார். நகரத்துக்கு வெளியே சீவித்தா ஜூலியானா என்னுமிடத்து மாளிகையில் 2021 இல் ஓர் அறை கண்டுபிடிக்கப்பட்டது. பதினாறு சதுர மீற்றர் அளவு, மேலே ஒரு சிறு சாளரம், கயிறு பின்னிய மூன்று மரக்கட்டில்கள், மூலைகளிலே சாடிகள். அடிமைகள் உறங்கிய அறை அது. கட்டில்களுள் ஒன்று ஒரு மீற்றர் நாற்பது சதமமீற்றர் நீளமே உடையது. ஒரு சிறுவனோ சிறுமியோ அதிற் படுத்திருக்க வேண்டும். சுவரோவியங்களைப் பார்த்து வியந்த குழுவினர் இப் படத்தைப் பார்த்தபோது பேசவில்லை. பயணத்தின் பயனுள்ள பகுதி அந்தச் சில நிமிடங்களே என்று துணிந்து கூறலாம்.

பிற்பகலில் ஒரு சிறு பஸ் வண்டி அவர்களை மலைச்சாரலுக்கு ஏற்றிச்சென்றது. 1,281 மீற்றர் உயரமுள்ள விசூவியஸ், வெடிப்பதற்கு முன் இன்றையினும் பசுமையான மலையாய் இருந்தது. நேப்பிள்ஸ் அரும்பொருட்சாலையிலுள்ள ஒரு பொம்பெய் ஓவியத்தில், உடலே முந்திரிகைக் குலையாய் அமைந்த மதுத் தெய்வம் நிற்க, அதன் அருகே கொடிகள் வரிசையாய்ப் படர்ந்த ஒரு மலை தீட்டப்பட்டுள்ளது. கி. மு. 73 இல் அடிமைகளின் கிளர்ச்சித் தலைவனாகிய ஸ்பார்ட்டகஸ் இம் மலையில் முற்றுகையிடப்பட்டபோது, காட்டு முந்திரிகைக் கொடிகளை முறுக்கி ஏணியாக்கிச் செங்குத்தான பாறைவழியே இறங்கித் தப்பினான் என்று புளூட்டார்க் எழுதியுள்ளார். அம் மலையின் வயிற்றில் நெருப்பிருப்பதை அவனும் அறிந்திரான். அதன் நிழலிலே குடியிருந்தோருட் பெரும்பாலோரும் எண்ணியிரார்.

தோட்டத்து மண் கருநிறமானது. கையில் எடுத்தால் மணல்போல உதிர்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் முந்திரிகைத் தோட்டங்களை அழித்த பைலொக்சரா என்னும் பூச்சி இத்தகைய எரிமலை மணலில் வேரூன்ற மாட்டாமையால், ஒட்டுக்கட்டாது சொந்த வேரிலேயே வளரும் கொடிகள் இங்கே இன்றும் உள. காம்பு புறாவின் காலைப்போலச் சிவந்திருப்பதால் ‘செங்கால்’ எனப் பொருள்படும் பெயர் கொண்டது ஒரு கரும் பழம்; குலை நீண்டு வளைந்திருப்பதால் ‘நரிவால்’ எனப்படுவது ஒரு வெண் பழம். இவை போன்றவற்றிலிருந்து வடிக்கும் மதுவுக்குக் ‘கிறிஸ்துவின் கண்ணீர்’ என்று பெயர். விண்ணுலகிலிருந்து வீழ்ந்த தேவதூதன் அவ்வுலகின் ஒரு துண்டைப் பெயர்த்துவந்து இக் குடாவிலே போட்டான் என்றும், அதைக் கண்டு கிறிஸ்து சிந்திய கண்ணீரில் இக் கொடி முளைத்ததென்றும் ஒரு கதை.

நீண்ட மேசையிலே ரொட்டியும் ஒலிவெண்ணெயும் பாற்கட்டியும், குலையோடு கட்டித் தொங்கவிட்டுக் காக்கப்படும் சிறு தக்காளியும் வைக்கப்பட்டன. மது ஊற்றியவர் கிண்ணத்தின் அடியை மறைக்கும் அளவே ஊற்றினார். முதலில் நிறம் பார்த்தல், பின்பு மணம், பின்பே ஒரு மிடறு. வேண்டாதவர் உமிழ்வதற்குக் கலமும் உண்டு. மதுவைப் பகையென்றே கற்றுவளர்ந்த நம்மவர்க்கு இது வியப்பாயிருக்கும். அங்கோ அது உணவின் ஒரு கூறு. மயங்கும்வரை குடிப்பவனை அவர்களும் மதிப்பதில்லை.

அப்பொழுதுதான் மூதாட்டி கிண்ணத்தைக் கீழே வைத்தார். காலையில் பார்த்த பதின்மூவரைக் கொன்ற மலையின் பழத்தைச் சுவைக்கத் தமக்கு மனம் வரவில்லை என்றும், அம் மலையின் மடியிலே இத்தனை மக்கள் எப்படித்தான் குடியிருக்கிறார்களோ என்றும் வழிகாட்டியிடம் கேட்டார்.

வழிகாட்டி சிறிது நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பேசினார். விசூவியஸ் கடைசியாக வெடித்தது 1944 மார்ச்சில். சான் செபஸ்தியானோ என்னும் ஊரின் தெருக்களில் எரிகுழம்பு நகர்ந்து வந்தபோது, அவருடைய பாட்டியார் சிறுமியாய்த் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, தையல் இயந்திரம் ஏற்றிய கைவண்டியின் பின்னே நடந்தாராம். எரிகுழம்பு வீட்டை மூடிற்று. குளிர்ந்தபின் திரும்பிவந்து, அதன் மேலேயே வீடு கட்டிக் கொடியும் நட்டனர். இப்பொழுது அபாய வலயத்தில் ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். 1841 இல் நிறுவப்பட்ட ஆய்வுநிலையம் மலையின் ஒவ்வோர் அசைவையும் இரவுபகலாய்க் கவனித்து வருகிறது. எச்சரிக்கை எழுந்தால் எழுபத்திரண்டு மணித்தியாலத்துள் அனைவரும் வெளியேற வேண்டும் என்பது அரசின் திட்டம். எந்த ஊரார் இத்தாலியின் எந்த மாகாணத்துக்குச் செல்வது என்பதுகூட முன்னரே குறிக்கப்பட்டுள்ளது.

தம் ஊருக்கும் ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது என்றார் அவர். தம் தாயாருக்கு அதன் பெயர் நன்றாய்த் தெரியும். ஒருமுறை போய்ப் பார்த்து வருவோம் என்று பல ஆண்டுகளாய் அழைத்தும், பழம் பறிக்கும் காலம், கிளை நறுக்கும் காலம் என்று ஏதாவதொரு காரணங் கூறி அவர் இன்னும் போகவில்லை.

மூதாட்டி ரொட்டித் துண்டொன்றை எடுத்துக்கொண்டார். பஸ் வண்டி புறப்பட இன்னும் அரைமணித்தியாலம் இருந்தது. கிண்ணம் மேசையிலேயே இருந்தது; சற்றுப் பொறுத்து அதையும் எடுத்து, ஒரு மிடறு அருந்திவிட்டு, அந்தத் தாயாரின் வயது என்ன என்று கேட்டார்.