பாலூட்டும் தாய்க்கு இடம் தருக

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



 கல்வி நிதி, வர்த்தகம், கல்யாணச் செலவைக் குறைத்தல் முதலிய பெரிய விஷயங்களைக் குறித்து அறிஞர் பலர் ஈண்டுப் பேசியிருக்கின்றனர். நாம் எடுத்துக்கொண்ட விஷயமோ பார்வைக்குச் சிறியது. சபையிற் பேசுதற்குக் கூச்சந் தரத்தக்கதென்று சிலர் எண்ணக்கூடியது. அஃதாவது, கைக்குழந்தையோடு வீட்டைவிட்டு வெளியே செல்லும் ஒரு தாய், குழந்தை பசித்து அழுங்கால் எங்கே உட்கார்ந்து பாலூட்டுவாள் என்பதே. கூச்சத்தினாலே இதனைப் பேசாது விடுதல்தான் இக்குறை நீங்காதிருத்தற்குக் காரணமென்று நாம் கருதுவதால், சபையோர் சிறிது நேரம் செவிசாய்க்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.

முதலாவது, வைத்திய சாஸ்திரங் கூறுவதைக் கவனிப்போம். குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கவேண்டும். முதல் 6 மாதம் வரையில் தாய்ப்பாலன்றித் தண்ணீருங்கூடக் கொடுத்தலாகாது. அதன் பின்னர் மற்ற ஆகாரங்களோடு 2 வயது வரையிலும், அதற்கு மேலும், தாய்ப்பாலைத் தொடர்ந்து கொடுக்கலாம் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் கொள்கை. தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பது பங்கிற்கு மேல் நீரேயாதலால், சித்திரை வெயிலிலும் சிசுவுக்கு வேறு தண்ணீர் வேண்டுவதில்லை. பிறந்த சிசுவின் வயிறு மிகச் சிறியது. தாய்ப்பாலோ விரைவில் ஜீரணமாவது. ஆதலின் இரவும் பகலும் சேர்ந்த ஒரு நாளில் 8 முதல் 12 முறை வரையில் அது பால் குடிக்கும். "வீட்டிலேயே ஊட்டிவிட்டுப் புறப்படலாகாதா?" என்று வினவுவோர் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். மதுரையிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸிற் புறப்படும் தாய், வழியில் மூன்று நான்கு முறையேனும் குழந்தைக்குப் பால் கொடுத்தே தீரவேண்டும். குழந்தையின் பசி, வண்டி நிற்கும் இடத்தைப் பார்த்து வருவதில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. குழந்தை வாய் வைத்தவுடன் தாயின் உடலில் ஆக்ஸிடோஸின் என்னும் சுரப்பு உண்டாகி, அதனாலேயே பால் இறங்குகிறது. அச்சமும் கலக்கமும் இச்சுரப்பைத் தடுக்கவல்லன. யாரேனும் வெறித்துப் பார்ப்பரோ, எழுந்து போகச் சொல்வரோ என்று அஞ்சி உட்கார்ந்திருப்பவளுக்கு மார்பிற் பாலிருந்தும் இறங்காது, குழந்தை வீறிட்டழும், அவ்வழுகையால் எல்லோரும் திரும்பிப் பார்க்க, தாயின் கலக்கம் இன்னும் மிகும். வேளை தவறினால் பால் கட்டிக்கொண்டு நோவுண்டாகும். சிலருக்குச் சுரமுங் காணும். அன்றியும், குழந்தை எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவே மேலும் ஊறுவது பாலின் இயல்பு. வெளியிற் செல்லும் போதெல்லாம் புட்டியை நாடினால், சில வாரங்களிலேயே வீட்டிலும் பால் குறைந்துபோகும். ஆகவே இடமளித்தல் வெறும் உபசாரமன்று. குழந்தையின் ஆகாரமே இதனைப் பொறுத்திருக்கிறது.

நம் நாட்டு நிலைமை யாது? 2019 முதல் 2021 வரையில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டிற் பிரசவங்கள் ஏறக்குறைய எல்லாமே வைத்தியசாலைகளில் நிகழ்கின்றன. ஆயினும், 6 மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பால் ஒன்றையே உண்பவை இங்கே நூற்றுக்குச் சுமார் 55 தாம். இந்தியா முழுவதற்குமோ அது சுமார் 64. வைத்தியத்திற் பல மாகாணங்களுக்கு முன்நிற்கும் நாம், இதிற் பின்தங்கியிருக்கின்றோம். இதற்குக் காரணங்கள் பல. இடமின்மை ஒன்றே காரணமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் மற்றக் காரணங்களுட் சில வைத்தியராலும் அரசாங்கத்தாராலுமே தீரவேண்டியவை. இஃது ஒன்று நம்மாலேயே தீரக்கூடியது.

நிற்க. பிறர் இருக்கும் இடத்திற் பாலூட்டுதல் நம் முன்னோர் வழக்கத்திற்கு மாறானது என்பாருமுளர். அவர்கள் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். வரப்பின்மேல் மரநிழலிற் தூளி கட்டிவிட்டு நாற்று நட்ட மாதர், குழந்தை அழுதபோது கரையேறி முந்தானையால் மறைத்துப் பால் கொடுத்தனர். திண்ணையிலும், களத்துமேட்டிலும், திருவிழாப் பந்தலிலும் கொடுத்தனர். அருகிருந்த ஆடவர் தம் வேலையைப் பார்த்தனர். எவரும் அதனை ஒரு காட்சியாகக் கொண்டதில்லை. சீகாழியில் மூன்று வயதுக் குழந்தையாகிய சம்பந்தருக்கு உமையம்மை ஞானப்பால் அளித்த இடம் கோயிற்குளத்தின் கரையேயன்றி அந்தப்புரமன்று. தாயையிழந்த பன்றிக்குட்டிகளுக்கு மதுரைச் சொக்கேசர் தாமே தாயாகி முலை கொடுத்தாரென்று திருவிளையாடற் புராணம் ஒரு படலமே வகுத்துக் கூறுகின்றது. அழும் குட்டிக்குப் பால் கொடுத்தலை இறைவன் செய்கையாகவே போற்றிய நாட்டில், அதனை நாணத்தக்க செயலென்று கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

பிறர் பார்த்தாற் கண்ணேறு படுமென்று முதியோர் சொல்வதும் உண்டு. அம்முதியோரை நாம் இகழவில்லை. தாயையும் சேயையும் கூட்டத்தின் நெருக்கடியிலிருந்து காக்கவேண்டுமென்னும் அன்பே அச்சொல்லின் உட்கிடை. அவ்வன்புக்குத் தக்கது ஒரு மறைவான நல்ல இடத்தை அமைத்துக் கொடுத்தலேயாகும். பாலை நிறுத்திப் புட்டியைக் கையிற் கொடுத்தலன்று. புட்டியைக் கொதிநீரிற் சுத்தஞ் செய்யவும், மாவைக் கரைக்கக் காய்ச்சிய நீர் பெறவும் பிரயாணத்தில் வசதி ஏது? கெட்ட தண்ணீராற் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு உண்டானால், கண்ணேற்றைக் காட்டிலும் அது கொடிதன்றோ?

அரசாங்கத்தார் இவ்விஷயத்தில் வாளாவிருக்கவில்லை. தமிழ்நாட்டில் 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், உலகத் தாய்ப்பால் வாரத்தின்போது, 350-க்கு மேற்பட்ட பஸ் நிலையங்களிற் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. இது நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்ளத்தக்க காரியம். ஆயினும் அவற்றுட் பல, பின்னர்ப் பூட்டிக் கிடப்பதாகவும், சாமான் போடும் இடமாய்விட்டதாகவும், மின்விசிறியும் தண்ணீரும் இல்லாதிருப்பதாகவும் பத்திரிகைகளிற் பலமுறை செய்தி வந்ததுண்டு. அறை கட்டுதல் ஒரு நாட் காரியம். அதனைக் காத்தல் நாள்தோறுஞ் செய்யவேண்டிய காரியம்.

ஆக்ராவிலுள்ள தாஜ்மகாலை எல்லோரும் அறிவர். தம் பதினான்காவது பிரசவத்தில் 1631-இல் உயிர்நீத்த மும்தாஜ் அரசிக்காக எழுந்தது அது. அத்தகைய இடத்திலும், அதனைக் காணவந்த தாய் ஒருத்தி படிக்கட்டின் அடியில் ஒதுங்கிப் பாலூட்ட முயன்றதை அதிகாரி ஒருவர் கண்ணுற்ற பின்னரே, 2019-இல் அங்கே பாலூட்டும் அறை அமைந்தது. தாயின் நினைவுக்குப் பளிங்கு மாளிகை எழுப்பும் உலகம், உயிரோடிருக்கும் தாய்க்கு ஒரு நாற்காலி போட மறந்துவிடுகிறதென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி. வி. நாகரத்தினா, பிரசன்ன வரலே ஆகியோர் இதுகுறித்து ஒரு தீர்ப்பு வழங்கினர். பொதுக் கட்டிடங்களிற் கூடியமட்டும் இவ்வசதியை ஏற்படுத்த வேண்டுமென்றும், புதியனவாகக் கட்டுவனவற்றில் வரைபடம் எழுதும்போதே இதற்கு இடம் ஒதுக்க வேண்டுமென்றும் அதிற் கூறப்பட்டது. அவ்வளவோடு நில்லாமல், பொதுவிடத்திற் பாலூட்டும் மாதரை இழிவாக நோக்குதல் கூடாதென்பதையும் நீதிபதிகள் வற்புறுத்தினர். மாதர் மதிப்பைக் குலைக்கும் வழக்கங்களைக் கைவிடுதல் குடிகளின் கடமையென்னும் அரசியலமைப்பின் 51-அ பிரிவையும் எடுத்துக் காட்டினர். அயல் நாடுகளிலும் இம்முறை உண்டு. ஸ்காட்லாந்தில் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பொதுவிடத்திற் பாலூட்டுவதைத் தடுத்தல் குற்றம். பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், பாலூட்டுங் காரணம்பற்றி ஒரு பெண்ணைத் தாழ்வாக நடத்துதலைப் பால்வேற்றுமைக் குற்றமாகவே கொள்கிறது.

இவற்றால் நாம் அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு. அறை வேண்டும், அறை மட்டும் போதாது. அறை இருக்கிறதென்பதனாலேயே, மண்டபத்தின் ஓரத்தில் முந்தானை போர்த்துக் குழந்தையை அணைத்திருப்பவளைப் பார்த்து, "எழுந்து உள்ளே போ" என்று விரட்டத் தொடங்கினால், அவ்வறை சிறையாகிவிடும். அறைக்குட் போவதும் இருந்த இடத்திலேயே ஊட்டுவதும் தாயின் விருப்பம். அவள் எதனை விரும்பினும், சுற்றியிருப்போர் முகத்திற் சுளிப்பில்லாதிருப்பதே நல்வரவு. சுவரும் கதவும் கொத்தனாராலும் தச்சனாலும் ஆகும். நல்வரவோ நம்மால் ஆகவேண்டும்.

இனி நம் சங்கத்தார் செய்யத்தக்கவை யாவையென்று கூறுவோம்.

முதலாவது, நம் சங்கத்தின் மேற்பார்வையிலுள்ள கல்யாண மண்டபங்களிலும் சத்திரங்களிலும் தரைத்தளத்தில் ஓர் அறையை இதற்கென ஒதுக்கவேண்டும். மணமகள் அறையில் அலங்காரக் கூட்டம். சாமான் அறையில் அரிசி மூட்டை. ஆதலாற் குழந்தையுடன் வந்தவள் கழிப்பறை வாயிலில் நிற்கும் நிலை மண்டபங்களிற் சாதாரணமாய்விட்டது. நாம் உண்ணும் இலையைக் கழிப்பறையருகே போட்டால் உண்போமா? குழந்தைக்கும் அது போஜனமே. அவ்வறையில் சாய்ந்து உட்காரக் கைவைத்த நாற்காலி இரண்டு, விசிறி, விளக்கு, கைகழுவத் தண்ணீர், தாய்க்குக் குடிதண்ணீர், துணி மாற்ற ஒரு மேஜை, குப்பைக்கூடை, உட்புறத் தாழ்ப்பாள் ஆகிய இவை போதும். அதன் சாவி காவற்காரரிடம் இருத்தலாகாது. கல்யாணத்திற்கு வாயிலில் வைக்கும் ஒரு நாள் மலர் வளைவின் செலவினும் இச்செலவு மிகாதென்பது நமது எண்ணம்.

இரண்டாவது, ஒவ்வோர் ஊர்க் கிளைச் சங்கத்தாரும் தம் ஊர்ப் பஸ் நிலையத்திலுள்ள பாலூட்டும் அறையை மாதம் ஒருமுறை சென்று பார்க்கவேண்டும். பூட்டியிருந்தால் நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ எழுதித் திறக்கச் செய்யவேண்டும். அங்கே பூக்கட்டி விற்கும் மாதருக்கும், கைக்குழந்தையுடன் பிழைப்புக்கு வந்த எந்தச் சமூகத்து மாதருக்கும் அது பயன்படும். நம் சங்கத்தின் தொண்டு நம்மவர்க்கு மட்டும் உரியதாகச் சுருங்குதல் கூடாது.

மூன்றாவது, ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை வைத்திருக்கும் நம்மவர், கடையின் உட்புறத்தில் ஒரு நாற்காலியும் திரையும் அமைத்து, "குழந்தைக்குப் பாலூட்டும் தாய்மார் இங்கே அமரலாம்" என்று பலகை வைக்கட்டும். சரக்கு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அமரலாமென்பதே அதன் பொருளாயிருக்க வேண்டும். உங்களிடம் வேலை செய்யும் பெண்களுக்கும் இவ்விடம் வேண்டும். வேலைக்கு நடுவே குழந்தைக்குப் பாலூட்ட இடைவேளை அளித்தலை 1961-ஆம் ஆண்டிலேயே பிரசவ சகாயச் சட்டம் விதித்ததென்பதை முதலாளிகள் மறத்தலாகாது.

நான்காவது, இவ்வறைகளிற் குழந்தை மாவு, பால்புட்டிக் கம்பெனிகளின் படமோ, காலண்டரோ, இலவசப் பொட்டலமோ நுழைதல் கூடாது. 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் விளம்பரத்தைத் தடுத்திருக்கிறது. எனினும் உடற்காரணத்தாற் பால் கொடுக்க இயலாத தாயை எவரும் கடிந்து பேசற்க. அவளும் அதே நாற்காலியில் அமர்ந்து தன் குழந்தைக்கு ஊட்டட்டும்.

ஐந்தாவது, இது வீட்டார் கடமை. மாமியார் அருகே நின்று, "இங்கேயே உட்கார் அம்மா, நான் இருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் மருமகளின் அச்சம் பாதி தீரும். கணவன் பையை வாங்கிக்கொள்ளட்டும். பஸ்ஸில் ஜன்னலோரத்து ஆடவர் இடத்தை மாற்றிக் கொடுக்கட்டும். பார்வையை வேறு பக்கம் திருப்பட்டும். இவற்றிற்கு நிதியும் வேண்டா, தீர்மானமும் வேண்டா.

சகோதரர்களே! கல்வி நிதி திரட்டி நாம் பள்ளிக்கு அனுப்பவிருக்கும் குழந்தைகள் இன்று தாய் மடியில் இருக்கின்றனர். அவர்கள் முதலிற் கேட்பது புத்தகமன்று, பால். அதனைக் கலக்கமின்றிக் குடிக்க நாலடி இடம் தருதல் கல்வித் தொண்டுக்கு முந்திய தொண்டு. ஆகலின், அடுத்த மண்டபத் திருப்பணிக்கு வரைபடம் எழுதும்போது பாலூட்டும் அறைக்கும் ஒரு கோடு வரையுமாறு நிர்வாகிகளைப் பணிவுடன் கேட்டுக்கொண்டு, இதனை ஒரு தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு சபையோரை வேண்டி, இம்மட்டோடு அமைகின்றோம்.

தாய்மார் வாழ்க! சேய்கள் வளர்க!