புல் காத்த பெரியவர்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)





விளையாட்டு மைதானத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி மன்றத்தார் என்னைப் பணித்தனர். உதைபந்தாட்டத்தையோ கரப்பந்தாட்டத்தையோ பற்றிப் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்ட பொருளோ கோல்ப். இறக்கக்கண்டிக்கும் கோல்புக்கும் என்ன உறவு என்று பின்வரிசையிலிருக்கும் தம்பிமார் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரிக்கட்டும். ஆட்டத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. அந்த ஆட்டம் நடக்கும் நிலத்தை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் காத்த ஒரு தொழிலாளியைப் பற்றியே சொல்லப் போகிறேன். அவர் வரலாற்றிலே நமது மன்றத்துக்கு வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காக ஓரிரு சொற்கள். நுனி வளைந்த கோலினால் ஒரு சிறு பந்தை அடித்துச் சென்று, நாலேகால் அங்குல அகலமுள்ள குழியிலே விழுத்த வேண்டும். இப்படிப் பதினெட்டுக் குழிகள். ஆகக் குறைந்த அடிகளில் முடிப்பவர் வென்றவர். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் பாய் விரித்தாற்போல ஒட்ட வெட்டிய புற்றரை உண்டு. அந்தப் புற்றரை மேடு பள்ளமாகிவிட்டால் எத்துணைச் சமர்த்தனும் ஆடமுடியாது. ஆகவே ஆடுபவனின் திறமையிற் பாதி, அவன் கண்ணிற் படாமல் விடியற்காலையிலே வேலை செய்துவிட்டுப் போனவனின் கையிலே இருக்கிறது.

நம் இலங்கைக்கு இந்த ஆட்டம் வெள்ளைக்காரரோடு வந்தது. 1879ஆம் ஆண்டிலே கொழும்பு கோல்ப் கழகம் தோன்றியது. முதலிற் காலிமுகத்திடலில் ஆடினார்கள். 1896இல் பொரளைப் பக்கத்து றிட்ஜ்வே மைதானத்துக்குப் பெயர்ந்தார்கள். 1928இல் ‘றோயல்’ என்ற பட்டம் கிடைத்தது. நுவரெலியாக் கழகம் 1889இல் எழுந்தது. நமது திருகோணமலை மாவட்டத்திலும் சீனக்குடாவில் விமானப்படையினரின் கோல்ப் மைதானம் இருக்கிறது. ஆகவே இது நமக்கு முற்றாக அந்நியமான விடயம் என்று சொல்வதற்கில்லை.

ஆனால் இந்த ஆட்டம் பிறந்த நிலத்தைப் பாருங்கள். ஸ்கொத்லாந்தின் கிழக்குக் கரையிலே சென் அன்ட்றூஸ் என்று ஓர் ஊர். கடலுக்கும் கழனிக்கும் நடுவே ஏருக்கும் உதவாத மணற்பாங்கான தரை. உப்புக்காற்று அடிக்கும், மரம் நிமிர்ந்து வளராது, மழை பெய்த மறுகணமே தண்ணீர் மணலுக்குள் இறங்கிவிடும். அப்படிப்பட்ட நிலத்தை அந்நாட்டார் ‘லிங்க்ஸ்’ என்பர். ஆடும் முயலும் மேய்ந்து மேய்ந்து அங்குள்ள புல் தானாகவே கட்டையாயிற்று. நம் ஊரில் இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் மணலை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் கரையை நினைத்துக்கொள்ளுங்கள். குளிரை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென் அன்ட்றூஸ் கண்முன்னே வந்துவிடும்.

அந்தத் தரை தனியொருவர் சொத்தும் அன்று. 1552ஆம் ஆண்டுச் சாசனம் ஒன்று அதில் ஊர்மக்களுக்குள்ள உரிமையை உறுதி செய்தது. அவர்கள் அங்கே பந்தாடினார்கள், மந்தை மேய்த்தார்கள், துணி உலர்த்தினார்கள். நமது கரையிலே கரைவலை இழுப்பவரும், கருவாடு காயவைப்பவரும், மாலையிலே பந்தடிக்கும் பிள்ளைகளும் ஒரே மணலைப் பங்கிட்டுக்கொள்வது போலத்தான். பலருக்கும் பொதுவான நிலம் என்றால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். எல்லாரும் மிதிப்பார்கள், எவரும் கொத்தித் திருத்தமாட்டார்கள். சென் அன்ட்றூஸிலும் அப்படித்தான் இருந்தது. அந்நிலைமையை மாற்றியவரே நான் சொல்லவந்த மனிதர்.

அவர் பெயர் டொம் மொரிஸ். 1821ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் திகதி சென் அன்ட்றூஸில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தார். பதின்ம வயதிலேயே அலன் றொபேட்சன் என்ற பந்து செய்வோரிடம் தொழில் பழகப் போனார். அக்காலத்துப் பந்து தோற்பையினுள் இறகு திணித்துத் தைத்தது. ஒரு பந்துக்கு ஒரு தொப்பி நிறைய இறகு வேண்டும் என்பார்கள். பின்னர் 1848 அளவில் மலாய் நாட்டு மரப்பாலினாற் செய்த மலிவான பந்து வந்தது. இறகுப் பந்தை நம்பிப் பிழைத்த றொபேட்சனுக்கு அது பிடிக்கவில்லை. இருவருக்கும் மனக்கசப்பு வளர்ந்து, மொரிஸ் பிறந்த ஊரை விட்டு வெளியேறினார். 1851இல் மேற்குக் கரையிலுள்ள பிறெஸ்ற்விக் என்னும் ஊரிலே மைதானக் காப்பாளர் ஆனார்.

இளைஞர்களே, அவர் வெறும் காப்பாளர் என்று எண்ணிவிடாதீர்கள். ‘ஓப்பன்’ எனப்படும் பெரும் போட்டியை 1861, 1862, 1864, 1867 ஆகிய நான்கு ஆண்டுகளில் வென்றவர் அவரே. கடைசி வெற்றியின்போது அவருக்கு வயது 46. அந்த வயதிலே அப்போட்டியை வென்ற வேறொருவர் இன்றுவரை இல்லை. அப்படிப்பட்ட வீரரைச் சென் அன்ட்றூஸ் கழகத்தார் திரும்ப அழைத்து என்ன கொடுத்தார்கள் தெரியுமா? ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டி ஒன்று, மண்வெட்டி ஒன்று, சவள் ஒன்று. ஆண்டுக்கு 50 பவுண் சம்பளம். நிலத்தின் பராமரிப்புக்கென்று தனியாக 20 பவுண். பாரமான வேலைக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓர் உதவியாள். அத்துடன் ஒரு வார்த்தையும் கொடுத்தார்கள்: மைதானத்தின் முழுப் பொறுப்பும் உன்னுடையது என்று.

வாகை சூடிய கையினால் மண்வெட்டி பிடிப்பது இழுக்கு என்று அவர் நினைக்கவில்லை. 1865 முதல் 1903 வரை அந்தப் பொறுப்பிலே இருந்தார். முட்பற்றைகளை வெட்டிப் பாதையை அகலமாக்கினார். தேய்ந்துபோன புற்றரைகளைப் புதிதாக அமைத்தார். அவர் அமைத்த கடைசிக் குழி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அவர் தொழில் இரகசியம் இரண்டு. முதலாவது மணல். பிறெஸ்ற்விக்கில் இருந்தபோது ஒரு வண்டி மணல் தவறுதலாகப் புற்றரையிற் கவிழ்ந்ததென்றும், அந்த இடத்திலே புல் செழித்து வளரக் கண்டாரென்றும் சொல்வார்கள். அதன்பின் ஆண்டு முழுவதும் புல்லின்மேல் மெல்லிய மணல் தூவுவதை வழக்கமாக்கினார். மணல் பள்ளத்தை நிரவும், நீரை வடியவிடும், வேருக்குக் காற்றுக் கொடுக்கும். இன்று உலகெங்கும் பெரிய மைதானங்களிலே இதையே செய்கிறார்கள். நாம் எதற்கும் உதவாது என்று காலால் உதைத்துவிட்டுப் போகும் மணலே அவருக்கு மருந்தாயிற்று.

இரண்டாவது ஓய்வு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டமில்லை என்பதிலே அவர் உறுதியாக நின்றார். ஆடுபவருக்கு ஓய்வு வேண்டாமாயிருக்கலாம், நிலத்துக்கு வேண்டும் என்பதே அவர் கூறிய நியாயம் என்பர். இதன் அருமையை எண்ணிப் பாருங்கள். அந்நாளிலே கூலிக்கு ஆடும் தொழிலாளர் கனவான்களின் கழக மாளிகையிலே சமமாக உட்காரமுடியாது. அப்படிப்பட்ட ஒருவர், பிரபுக்களையும் தளபதிகளையும் பார்த்து, “இன்று மைதானம் மூடியிருக்கிறது” என்று சொன்னார், அவர்களும் கேட்டார்கள். பதவி கொடுத்த அதிகாரம் அன்று அது. அவர் தினமும் முழங்காலில் இருந்து புல்லைத் தடவிப் பார்த்தவர் என்பது அவர்களுக்குத் தெரியும். வேலை செய்தவன் சொல்லுக்கு வலிமை இருந்தது. இன்றும் பெரும் போட்டி நடக்கும் ஒரு சில நாட்கள் தவிர, ஞாயிறுகளில் அந்தப் பழைய மைதானத்தில் ஆட்டம் இல்லை. ஊர்மக்கள் பிள்ளைகளோடு அதில் உலாவுகிறார்கள். 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பொறுப்பாட்சி ஒன்று அதனை நிருவகித்து வருகிறது. நிலம் பொதுநிலமாகவே இருக்கிறது.

அவர் வாழ்க்கை இன்பமாக மட்டும் சென்றதென்று எண்ண வேண்டாம். தந்தையை விஞ்சிய ஆட்டக்காரனான மகன், அவனும் நான்கு முறை ஓப்பன் வென்றவன், 1875ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் திகதி இருபத்துநான்கு வயதிலே இறந்தான். அவன் மனைவி பிரசவத்திலே மாண்டு நான்கு மாதமும் ஆகவில்லை. அடுத்த ஆண்டிலே மொரிஸின் மனைவியும் போனார். மற்றப் பிள்ளைகளும் அவருக்கு முன்னரே மறைந்தார்கள். அத்தனை துயரையும் தாங்கிக்கொண்டு அவர் மறுநாளும் மைதானத்துக்குப் போனார். புல் யாருடைய துக்கத்துக்காகவும் வளராமல் நிற்பதில்லை. அந்த வேலையே அவரைத் தாங்கியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். 1908 மே 24ஆம் திகதி, எண்பத்தாறாம் வயதிலே அவர் காலமானார்.

பெரியோர்களே, வெப்பநாடுகளின் கோல்ப் மைதானங்களிலே எந்தப் புல்லை வளர்க்கிறார்கள் என்று கேட்டால் நீங்கள் வியப்படைவீர்கள். அவர்கள் ‘பெர்மியூடா’ என்று பெயரிட்டுப் போற்றும் புல், பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அறுகம்புல்லே. அதிலிருந்து தெரிந்தெடுத்த இனங்களும் கலப்பினங்களும் உலகமெங்கும் பரவியிருக்கின்றன. வெட்ட வெட்டத் தழைக்கும், மிதித்தாலும் எழும்பும், கோடையிலே கருகினாலும் மாரி பிறந்தவுடன் கணுவுக்குக் கணு வேர்விடும். ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி வாழ்க என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அந்த வாழ்த்தின் பொருளை மைதானம் காப்பவன் நன்றாக அறிவான். ஆலமரம் கண்ணுக்குத் தெரியும். அறுகின் வேர் தெரியாது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 1983 முதல் 2009 வரை நடந்த போரிலே நமது மாவட்டத்தார் இடம்பெயர்ந்து அலைந்ததையும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இந்தக் கரையை வாரிக்கொண்டு போனதையும் நான் உங்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆளற்ற நிலம் எத்துணை விரைவிலே பற்றைக்காடாகும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். மீண்டும் வந்து எத்தனையோ கட்டினோம். கட்டிடம் திறக்க நாள் பார்க்கிறோம், நாடா வெட்டுகிறோம், பெயர்க்கல் பதிக்கிறோம். திறந்த மறுநாளிலிருந்து அதைக் காப்பவர் யார் என்ற கேள்வியை மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம். வாசிகசாலையின் ஓடு ஒன்று விலகினால், மழை முழுவதையும் புத்தகங்கள் குடித்து முடித்த பிறகே தெரிகிறது. மைதானத்திலே மாரி வெள்ளம் வாய்க்கால் பறித்தால், ஒரு பிள்ளையின் கால் முறிந்த பிறகே மண் போடுகிறோம்.

இன்னுமொன்று. நிலாவெளி தொடங்கி நமது கரை நெடுகிலும் உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகள் எழுந்துள்ளன. அவற்றிலே நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைப்பது நல்லதே. ஆயினும் மணற்கரையிலே நன்னீர், உப்புநீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. கச்சான் காற்று வீசும் கோடையிலே அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உப்புநீர் மேலே ஏறிவிடும். வெங்காயத் தோட்டமும் குடிநீர்க் கிணறும் ஒன்றாகக் கெடும். கரைமணலை அள்ளினால் அடம்பனும் போகும், அதன் பின்னாலே கரையும் போகும். ஆகவே நாளைக்கு இங்கே புற்றரை போடவும் பூந்தோட்டம் வைக்கவும் யார் வந்தாலும், தண்ணீர் எங்கிருந்து, எவ்வளவு, எந்த மாதத்தில் என்று கேட்கத் தெரிந்த இளைஞர் நமக்கு வேண்டும். நிலத்தைக் காத்துப் பழகியவனுக்கே அந்தக் கேள்வி எழும்.

மன்றத்தாருக்கு மூன்று விண்ணப்பங்களைச் சமர்ப்பிக்கிறேன். முதலாவது, நமது மைதானத்துக்கு ஒருவரைக் காப்பாளராக நியமியுங்கள். குழு வேண்டாம், ஒருவர். முழுப் பொறுப்பும் அவருக்கே என்று கூட்டக் குறிப்பிலே எழுதுங்கள். இரண்டாவது, சென் அன்ட்றூஸ் கழகத்தார் சம்பளம் வேறு, பராமரிப்பு வேறு என்று ஒதுக்கியது போல, விழாச் செலவிலே கைவையாத ஒரு சிறு தொகையைப் பராமரிப்புக்கென்றே ஒதுக்குங்கள். மூன்றாவது, வாரத்தில் ஒரு நாள் நிலத்துக்கு ஓய்வு கொடுங்கள். அந்த நாளிலே எந்த அணியின் தலைவன் வந்து கேட்டாலும், எந்தப் பெரியவர் சொல்லி அனுப்பினாலும், காப்பாளர் இல்லை என்று சொன்னால் இல்லைதான். மன்றம் அவர் பின்னால் நிற்க வேண்டும்.

இது சிறு காரியமாகத் தோன்றலாம். ஆனால் தமக்குச் சொந்தமில்லாத ஒன்றைத் தம்முடையது போலக் காக்கும் மனிதர் எத்தனை பேர் இருக்கிறார்களோ, அத்தனைக்கே ஓர் ஊர் நிலைக்கும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் முன்னோர் சொன்னார்கள். திரள்வதற்கு ஒரு நல்ல நிலம் வேண்டும். அந்த நிலத்தை மண்வெட்டியோடு காக்க முன்வரும் தம்பி யாரோ, தங்கை யாரோ, அவர்களை இப்போதே வாழ்த்தி அமர்கிறேன்.