பொறி பெயர்க்கும் மொழி

வேற்று மொழியார் இருவர் உரையாட வேண்டுமாயின், இரு மொழியும் அறிந்த ஒருவர் இடையே நிற்பது நெடுங்கால வழக்கு. அம்மூன்றாமவரின் இடத்தை இன்று பொறியொன்று ஏற்றிருக்கின்றது. 2006 இல் தோன்றி, 2023 இல் எக்ஸ் எனப் பெயர் மாறிய டுவிட்டர் தளத்தில் யப்பானியர் பெருந்தொகையினராய் எழுதுகின்றனர். ஒசாக்காவில் ஒருவர் தம் தாய்மொழியில் எழுதிய இரண்டு வரியை, இலண்டனில் இருப்பவர் மறுகணமே ஆங்கிலத்திற் படிக்கின்றார். ஆங்கிலத்திலேயே விடையும் எழுதுகின்றார்.

இம்முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. 1954 ஆம் ஆண்டு சனவரியில், நியூயோர்க் நகரிலே, ஜோர்ஜ்ரவுன் பல்கலைக்கழகத்தாரும் ஐ.பி.எம். நிறுவனத்தாரும் 250 சொற்களையும் ஆறு விதிகளையும் கொண்டு, அறுபதுக்கு மேற்பட்ட உருசிய வாக்கியங்களைப் பொறியால் ஆங்கிலமாக்கிக் காட்டினர். விதிகளால் மொழியை அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கை பின்னர் தளர்ந்தது. இக்காலப் பொறிகளோ, மனிதர் செய்த மொழிபெயர்ப்புக்களைப் பெருந்தொகையாகக் கற்று, எச்சொல்லை அடுத்து எச்சொல் பொருந்தும் எனக் கணிக்கின்றன. 2016 நவம்பரில் கூகுள் நிறுவனம் ஆங்கிலத்துக்கும் யப்பானியம் உள்ளிட்ட எட்டு மொழிகளுக்குமிடையே இத்தகைய முறையைப் புகுத்தியது. அதன்பின் பொறியின் நடை வியக்கத்தக்க அளவு சீர்பெற்றது.

எனினும், யப்பானியம் ஆங்கிலத்துக்கு எளிதில் வசப்படும் மொழியன்று. தமிழிற் போலவே அதிலும் வினை இறுதியில் நிற்கும். எழுவாய் தோன்றாமலும் வரும். ஆனால், "விழுந்தான்" என்றால் விழுந்தவன் ஆண்மகன் என்பதைத் தமிழில் விகுதியே காட்டிவிடும். யப்பானிய வினையில் அத்தகைய விகுதி இல்லை. தாயொருத்தி, தன் குழந்தை விழுந்து அழுததை, விழுந்தது யாரெனச் சுட்டாமல் எழுதினாள் என்று கொள்வோம். ஆங்கில வாக்கியத்துக்கோ எழுவாய் வேண்டும். பொறி "நான்" என்ற சொல்லை இட்டு நிரப்பிவிடலாம். கடல்கடந்த நண்பர், விழுந்தவள் தாயே என எண்ணி ஆறுதல் கூறுவார். இங்கே பிழை சிறிது. குற்றமொன்றைப் பற்றிய செய்தியில் இது நேர்ந்தால், செய்யாதவர்மேற் பழி விழும்.

சொற்களிலும் இடர் உண்டு. "கெக்கோ தெசு" என்ற தொடர் "நன்று" என்றும் பொருள்படும்; "வேண்டாம்" என்றும் பொருள்படும். இணையத்திலே யப்பானிய இளைஞர் சிரிப்பைக் குறிக்க, "குசா" என எழுதுவர். அச்சொல்லின் நேர்ப்பொருள் புல் என்பதாகும். சிரிப்புக்கு அடையாளமாய் அவர்கள் நிரையாக இட்ட ஆங்கில எழுத்தொன்று புற்றரை போலத் தோன்றியதால் வந்த வழக்கு அது. இதனை அறியாத பொறி, நகைச்சுவைக்கு விடையாகப் புல்லை நீட்டும்.

மனித மொழிபெயர்ப்பாளர் ஐயம் எழுந்தால், "விழுந்தது யார்?" என்று திரும்பிக் கேட்பார். பொறியோ பெரும்பாலும் கேட்பதில்லை, ஊகித்து எழுதிவிடுகின்றது. முன்னாளில் அதன் கரடுமுரடான நடையே படிப்பவரை எச்சரித்தது. இன்று ஊகமும் உண்மையும் ஒரே செவ்விய நடையில் வருகின்றன. ஆதலின், கேட்டுத் தெளியும் கடமை உரையாடும் இருவரையே சார்ந்துவிட்டது. சினங்கொள்ளுமுன், "நீர் கருதியது இதுதானா?" என ஒரு வரி எழுதிக் கேட்பவர், பொறி தொடங்கிவைத்த நட்பைத் தாமே காத்துக்கொள்வர்.